வெள்ளிக்கிழமை பாங்கு

தைலம்மாளுக்கு உட்காரத் தெரியாது. "உனக்கு நாற்காலி வாங்கிப் போடறது தண்டச் செலவு" என்று அவள் புருஷன் வடிவேல் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். ரங்கூன் தின்கன்ஜூன் சந்தை வாசலில் வருஷக்கணக்காகத் தோசைக்கல்லின் முன்னால் நின்றே பழகிய கால்கள் அவை. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் டவுனில் ஒரு வங்கிக் காவலாளி, "உட்காருங்க அன்ட்டி, உங்களைப் பார்த்து எனக்குத் தலை சுத்துது" என்று பர்மியத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவள் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தாள். திரும்பிக் கவுண்டருக்கு வந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம், "எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டாள். "ரெண்டு மணிக்கு" என்றாள் அந்தப் பெண், இந்தத் தடவை தலையை நிமிர்த்தாமலே. கேள்வி பழசாகிவிட்டது.

பீர் முகைதீன் பாய் வந்தால்தான் பணம். அவர் கையெழுத்து ஒன்று, இவள் கையெழுத்து ஒன்று. இரண்டும் அந்தக் கவுண்டர் முன்னால் ஆள் நேரில் நின்று போட வேண்டும். போன வருஷம் ரங்கூனில் தனியார் வங்கிகளெல்லாம் ஆட்டம் கண்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வரிசையில் கிடந்தார்களே, அதிலிருந்து யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. வங்கிக்கு ஜனங்கள்மேல் இல்லை, ஜனங்களுக்கு வங்கிமேல் இல்லை. காசு வைத்திருக்கிறவனெல்லாம் அதை அரிசி டின்னில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தான்.

விஷயம் இதுதான். தின்கன்ஜூனில் ஒரு கம்பெனி இருந்தது. அதற்குப் பேர் ஒன்று உண்டு, ஆனால் தெருவில் எல்லாரும் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும். வாத்தியார், கிளார்க்கு, கடைக்காரன், டாக்ஸிக்காரன் என்று பாதித் தெரு அங்கே வீட்டை அடமானம் வைத்திருந்தது. கட்டின வட்டியையே மறுபடியும் கட்ட வைத்திருக்கிறான் பாவி என்பது வங்கிகள் ஆடினபோதுதான் வெளியே வந்தது. ஜனங்கள் திரண்டு போய் வட்டார ஆபீஸில் நின்றார்கள். கம்பெனிக்காரன் பேர் கெடுமே என்று பயந்து ராஜிக்கு வந்தான். அதிகமாகப் பிடுங்கின வட்டியை மூன்று தவணையாகத் திருப்பித் தருவான். ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் வரும் தடின்ஜுட் பௌர்ணமிக்கு ஒன்று, தையில் ஒன்று. ஆனால் அடமானம் அடமானம்தான். கெடு தேதிக்குள் பாக்கியைக் கட்டாதவன் வீடு கம்பெனிக்கு. ஒரு கையால் கொடுக்கிறான், மறு கையால் வீட்டைப் பிடுங்குகிறான். இதற்குப் பேர் ராஜியாம்!

அந்த ராஜிப் பணத்தை என்ன செய்வது என்பதில் பெரிய ரகளை. டாக்ஸி ஓட்டுகிற செல்லையா ஒரே பிடியாக நின்றான். "அவனவன் பணத்தை அவனவனுக்குப் பிரிச்சுக் குடுங்க. எனக்கு எதுக்கு உங்க கமிட்டி?"

தைலம்மாள் சும்மா விடுவாளா? "பிரிச்சா ஆளுக்கு நாலு மூட்டை அரிசி வரும் அண்ணே. தின்னுட்டு எங்கே போய்ப் படுப்பீங்க? பிளாட்பாரத்திலயா? மொத்தமா வச்சு, யார் வீடு முதல்ல போகுதோ அந்த வீட்டை மீட்போம். அப்புறம் அடுத்தது. வீடு நின்னாத்தான் மனுஷன் நிப்பான்."

அவள் கத்தின கத்தலில் கூட்டம் ஒப்புக்கொண்டது. கெடு தேதிப்படி வரிசை போட்டார்கள். முதல் பேர் ஹமீதுன்னிசா. பள்ளிவாசலை ஒட்டின சந்தில் பலகை வீடு; புருஷன் போன பிறகு சமோசா போட்டு டீக்கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள். மகள் பிரசவத்துக்கு வந்து பச்சைப்பிள்ளையோடு அங்கேதான் இருக்கிறாள். அவள் கெடு இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. இரண்டாவது பேர் தைலம்மாள். அவள் கெடு தடின்ஜுட் பௌர்ணமி, இரண்டாவது தவணை வருகிற அதே சமயம். பணத்துக்குக் காவலாகத் தைலம்மாளையும், குடைக்கடை வைத்திருக்கும் பீர் முகைதீன் பாயையும் போட்டார்கள்.

முதல் தவணை பதினெட்டு லட்சம் கியாட். சரியாக ஒரு வீட்டுக்குத்தான் காணும். ஹமீதுன்னிசாவின் கெடு தவறினால் அவள் வீடு போய்விடும், அந்தப் பணம் அப்படியே அடுத்த பேருக்கு வரும். தடின்ஜுட்டுக்கு வருவது வரும்போதுதான் நிச்சயம். இது ரொக்கம். இது தைலம்மாளுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அதனாலேயே அவள் நெருப்பின்மேல் நிற்கிறாற்போல இருந்தாள். தன்மேல் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று புதன்கிழமையே தோசைக் கடையைப் பாதியில் மூடிவிட்டுக் குடைக் கடைக்குத் தானே நடந்து போய்ச் சேதி சொன்னாள்.

பீர் முகைதீன் பாய் தமிழ் விஷயத்தில் கறார்ப் பேர்வழி. பர்மா வார்த்தை ஒன்று கலந்துவிட்டால் போதும், "நாம நாலு பேரு கூடினாலும் நம்ம பேச்சு பேசக் கூடாதாம்மா?" என்று குடைக் கம்பியை நீட்டிக்கொண்டு கேட்பார். அதனால் அவர் முன்னால் தைலம்மாள் நாக்கைக் கழுவிக்கொண்டுதான் பேசுவாள். அன்றைக்கும் அப்படித்தான் பேசினாள்.

"பாய், வெள்ளிக்கிழமை மத்தியானம் பாங்குக்கு வந்துடுங்க. ஹமீதாக்காவையும் கம்பெனி ஆளையும் அங்கேயே வரச் சொல்லிடுங்க. எல்லாரும் கூடி அன்னிக்கே முடிச்சிடுவோம்."

"பாங்குக்கா?" பாயின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்! ரொம்ப நல்லதும்மா. ரொம்ப நல்லது."

பணம் எடுக்கப் போவதற்கு எதற்கு இத்தனை மாஷா அல்லாஹ் என்று தைலம்மாளுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பாய் ஒரு மாதிரியான ஆள், எதற்கும் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது மணி ஒன்று. ஆளைக் காணோம்.

வங்கிக்கு எதிரில் நடைபாதையில் ஒரு பெண் பெரிய குடைக்குக் கீழே மேஜை போட்டு டெலிபோன் வைத்திருந்தாள். தைலம்மாள் மழையில் ஓடிப் போய்க் குடைக் கடைக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையை மூடியிருப்பார், அது சரி. தொழுகை முடித்து ஓடி வரக் கூடாதா மனுஷன்? காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். இந்த இரண்டு நிமிஷத்தில் அவர் வந்து தன்னைக் காணாமல் போயிருப்பாரோ என்று காவலாளியிடம் கேட்டாள். "தாடி வச்ச ஆளு, வெள்ளைத் தொப்பி, குடை நல்ல குடையா இருக்கும்."

"வரலை அன்ட்டி."

தின்கன்ஜூனுக்கே திரும்பிப் போய்ப் பார்த்துவிடலாமா? போன பிறகு அவர் இங்கே வந்து நின்றால்? போகாமல் இருந்து, அவருக்கு அங்கே ஏதாவது ஆகியிருந்தால்? அறுபது வயசு மனுஷன், ரத்தக் கொதிப்பு வேறு. அவள் படியில் இறங்கினாள், ஏறினாள், மறுபடி இறங்கினாள். சேலைக் கரை முழங்கால்வரை நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. கவுண்டர் பெண் ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அதையும் நின்றுகொண்டே குடித்தாள்.

ஒன்றரை மணிக்குக் கவலை போய்க் கோபம் வந்தது. ஒரு கையெழுத்துப் போட வர முடியாத மனுஷன் எதற்குக் கமிட்டியில் தலையாட்டினார்? ஹமீதுன்னிசா யாரு, இவங்க ஜமாத்துப் பெண்பிள்ளைதானே? எனக்கு இருக்கிற பதைப்புகூட இவருக்கு இல்லையே! இப்படி வாய்க்குள்ளேயே அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டு நடந்தாள்.

சரியாக இரண்டு மணிக்குக் காவலாளி இரும்புக் கதவை இழுத்தான். "நான் என்ன செய்ய அன்ட்டி?" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கதவு தரையில் இடித்து நின்றது.

அந்த ஒரு நொடியில் தைலம்மாளின் மனசுக்குள்ளே ஏதோ ஒன்று, 'அப்போ நம்ம வீடு தப்பிச்சது' என்றது.

அவள் அதைக் கேட்டாள். தன் மனசு சொன்னதுதானா என்று அவளுக்கே திக்கென்றது. இத்தனை நேரம் நடந்த கால்கள் அப்போதுதான் நின்றன. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, நடுரோட்டில் கையை நீட்டி ஒரு டாக்ஸியை மறித்தாள். பேரம்கூடப் பேசவில்லை.

குடைக் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரன், "பாய் பள்ளிவாசல்லதான் இருக்காரு, இன்னும் வரலையே" என்றான். தெருவில் கணுக்கால் தண்ணீர். தைலம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பள்ளிவாசல் வாசலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, எல்லாரும் இருந்தார்கள். பீர் முகைதீன் பாய் நின்றுகொண்டிருந்தார். ஹமீதுன்னிசா முக்காட்டைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கமிட்டியை நம்பாமல், என்ன நடக்கிறதென்று கண்ணால் பார்க்க வந்த செல்லையா தூணில் சாய்ந்திருந்தான்.

"எங்கம்மா போயிட்டே நீ?" பாயின் குரல் உடைந்தது. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "பாங்கு சொல்லி, தொழுகை முடிஞ்சு, மணி ரெண்டரையாச்சு. உன் கடைக்கு ஆள் அனுப்பினா கடை மூடிக் கிடக்கு. கம்பெனி ஆளு கோ டின் வின் ரெண்டு மணிவரை இங்க நின்னான். பன் மூடியாச்சு, இனி உங்க பாடுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்!"

"நான் எங்க போனேனா? நீங்க எங்க போனீங்க? காலையில இருந்து பாங்குல நிக்கறேன் பாய்! நாய் மாதிரி நிக்கறேன்!"

"பாங்குல நிக்கறியா? பாங்கு இங்கதானேம்மா சொல்றாங்க?"

"பாங்குக்கு வாங்கன்னுதானே சொன்னேன்?"

"பாங்குக்குன்னுதான் நானும் வந்தேன்!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடினார்கள். தைலம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் சின்னப் பிள்ளைகூட வங்கியைப் பர்மியத்தில் 'பன்' என்றுதான் சொல்லும். அவளும் நாள் முழுக்க அப்படித்தான் சொல்வாள். பாய் முன்னால் சுத்தத் தமிழ் பேசுகிறேன் பேர்வழி என்று அவள் பாங்கு என்றாள். அவருக்குப் பாங்கு என்றால் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு. அதுவும் வெள்ளிக்கிழமை மத்தியானம்! வேறென்ன நினைப்பார் மனுஷன்?

"எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா தங்கச்சி?" பாய் மெல்லச் சொன்னார். "நம்ம தொழுகைக்கு மரியாதை குடுத்து, ஜும்ஆ முடிஞ்சு எல்லாரும் ஒண்ணாப் போவோம்னு சொல்றா பாருன்னு, ரெண்டு நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன். பணப் புத்தகம் உன்கிட்ட. நீ வந்தாத்தானே நாங்க கிளம்பறது? வந்துருவே வந்துருவேன்னு நின்னோம்."

தைலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

தூணில் சாய்ந்திருந்த செல்லையா கையைத் தட்டினான். மெதுவாக, இரண்டு தடவை.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. வாய் தவறிடுச்சாம்! இன்னிக்குப் பொழுது போனா முதல் தவணை யார் வீட்டுக்குப் போகும்? சொல்லுங்க பாய். அடுத்த பேரு யாருது?"

"செல்லையா, நாக்கை அளந்து பேசு."

"நான் என்ன தப்பா கேட்டேன்? பேரு யாருதுன்னுதானே கேட்டேன்?"

வேறு சமயமாக இருந்தால் தைலம்மாள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அவள் வாய்க்குப் பயந்து சந்தையில் போலீஸ்காரனே சுற்றிக்கொண்டு போவான். ஆனால் இப்போது அந்த இரும்புக் கதவு மூடும்போது உள்ளே கேட்ட குரல் குறுக்கே வந்து நின்றது. செல்லையா சொல்வது பொய். முழுப் பொய்யா? அவளால் சொல்ல முடியவில்லை.

ஹமீதுன்னிசா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். இவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"தைலம், என்னைப் பார்த்துச் சொல்லு. தெரியாமத்தானே?"

"தெரியாமத்தான்க்கா. என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"அப்ப விடு." ஹமீதுன்னிசா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். "அல்லா விட்ட வழி. நான் போய் சாமான் கட்டறேன். பச்சைப்பிள்ளையை வச்சுக்கிட்டு நாளைக்கு மழையில எடுத்துட்டு நிக்க முடியாது."

அவள் திட்டியிருந்தால் தேவலை. இந்த 'அப்ப விடு' தைலம்மாளை அறுத்துப் போட்டது. சந்துக்குள் நுழையப் போனவளின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"எங்க போறீங்க? கம்பெனி ஷட்டர் அஞ்சு மணிக்குத்தான் இறங்கும். இன்னும் நேரம் இருக்கு." மூச்சு வாங்கத் திரும்பினாள். "செல்லையா அண்ணே, நீங்க திங்கக்கிழமை டாக்ஸியை வித்தீங்க. லாரி வாங்கப் பணம் வீட்டுலதான் வச்சிருக்கீங்க. பன்ல போட்டிருக்க மாட்டீங்க. பதினெட்டு லட்சம் குடுங்க. வர்ற திங்கக்கிழமை பன் திறந்ததும் நானும் பாயும் கையெழுத்துப் போட்டு எடுத்து உங்க கையில வச்சிடறோம்."

செல்லையா தூணை விட்டு நிமிர்ந்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. சந்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். தலையைச் சொறிந்தான்.

"குடுக்கலாம். ஏன் குடுக்கக் கூடாது? ஹமீதாக்கா வீட்டுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்ல நான் என்ன ராட்சசனா?" என்றான். பிறகு தைலம்மாளின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னான். "ஆனா ஒண்ணு. வாய் தவறிச்சுன்னு நீ சொல்றே. நான் நம்பணும்னா, உன் பேரை ரெண்டாவதுல இருந்து எடுத்துக் கடைசியில போடு. எல்லாருக்கும் அப்புறம். அப்பத்தான் இந்தக் குழப்பத்துல உனக்கு லாபம் இல்லைன்னு ஊரு ஒத்துக்கும்."

கடைசி என்றால் தைமாசத் தவணை. கம்பெனிக்காரன் மூன்றாவது தவணை தருவான் என்று தெருவில் ஒரு ஆள் நம்பவில்லை. தந்தாலும் தைலம்மாளின் கெடு தடின்ஜுட். அதற்குள் தோசை சுட்டுப் பதினாறு லட்சம் சேர்க்க முடியுமா? கடைசி என்றால் வீடு போச்சு என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

"இது அக்கிரமம்," என்றார் பாய். "தப்பு ரெண்டு பேரு மேலயும்தான். திருப்பிக் கேக்காதது என் தப்பு. வேணும்னா என்னைக் கமிட்டியில இருந்து எடு."

"உங்க வீடு அடமானத்துல இல்லையே பாய். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

ஹமீதுன்னிசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணும் வேணாம்! அவ வீட்டை எடுத்து என் வீட்டுக்குக் கூரை போட வேணாம். நான் எங்கேயாவது மாவ்பியில எங்க நாத்தனா வீட்டுல போய்க் கிடக்கறேன். விடு தைலம் கையை!"

தைலம்மாள் விடவில்லை.

"சரி," என்றாள்.

"என்ன சரி?"

"கடைசியில போடுங்க. போய்ப் பணத்தை எடுத்துட்டு வாங்க, நேரம் ஆகுது."

செல்லையா பேரம் பேசுகிற ஆள். கேட்டால் குறைப்பார்கள், குறைத்தால் பாதியில் முடிக்கலாம் என்று நினைத்திருப்பான். இப்படி ஒரே அடியாக ஒத்துக்கொள்வாள் என்று அவன் கணக்குப் போடவில்லை.

"வடிவேல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறியா?" என்றான், குரல் இறங்கி.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு. அதான் கேக்கலை. நீங்க போறீங்களா, நான் உங்க வீட்டுக்கு வந்து டின்னைத் தூக்கவா?"

அவன் போனான். ஓடித்தான் போனான், அதைச் சொல்ல வேண்டும்.

கம்பெனியில் மணி நாலரைக்கு நுழைந்தார்கள். கோ டின் வின் ஷட்டர் கொக்கியைக் கையில் எடுத்து வைத்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சலிப்பு. கட்டுக் கட்டாக எண்ணினான். ஈரமாக இருந்த நோட்டுகளை ஒதுக்கினான். தைலம்மாள் அதைத் தன் சேலையிலேயே துடைத்து மறுபடி அவன் முன்னால் வைத்தாள். எண்ணி முடிகிறவரை அவள் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தாள். கடைசியில் பிளாஸ்டிக் உறையில் போட்ட வீட்டுப் பத்திரத்தை மேஜைமேல் தள்ளினான். ஹமீதுன்னிசா அதைத் திறந்து பார்க்கவில்லை. முக்காட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் தைலம்மாளின் தோளில் முகத்தை வைத்து ஒரு பாட்டம் அழுதாள். பாய் குடையை இருவருக்கும் மேலே பிடித்துக்கொண்டு தான் மழையில் நின்றார்.

தைலம்மாள் வீட்டுக்கு வந்தபோது வடிவேல் இன்னும் வரவில்லை. அலோன் துறைமுகத்தில் கிடங்குக் கணக்கன். லைன் கார் என்கிற பஸ் இரண்டு மாறி வர வேண்டும். அவள் ஈரச் சேலையை மாற்றினாள். அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். பெருக்கின வீட்டையே இன்னொரு தரம் பெருக்கினாள். எந்த அறைக்குப் போனாலும் அங்கே நிற்க முடியவில்லை. இரண்டே அறைதான். தகரக் கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தார்கள், அது நிரம்பிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்காக அவள் எத்தனை நாள் கூலிக்காரியைப் போலச் செங்கல் சுமந்தாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். எப்படிச் சொல்வது? என்னங்க, நம்ம வீட்டைக் கொடுத்துட்டு வந்துட்டேன். அவ்வளவுதான், வேறு எப்படிச் சொன்னாலும் அதுதான்.

வடிவேல் விசிலடித்துக்கொண்டு வந்தான். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, வாழையிலையில் கட்டின ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். அவிழ்த்தான். ரவையில் தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட கேக்கு, மேலே கசகசா தூவினது. பிள்ளைகள் பிறந்த நாளுக்குத்தான் அதை வாங்குவான்.

"என்ன விசேஷம்?" என்றாள்.

"முக்குல வெத்தலைக் கடைக்காரன் சொன்னான். பாயும் நீயும் ஆளுக்கொரு பக்கம் நின்னு பணம் எடுக்க முடியாமப் போச்சாம். ஹமீதாக்கா கெடு தவறிப் போச்சுன்னு சொன்னான். பாவம்தான், இல்லைன்னு சொல்லலை." அவன் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டிக்கொண்டே சொன்னான். "ஆனா தைலா, நம்ம கையிலயா இருக்கு? ரொக்கம் நம்ம பேருக்கு வருது. திங்கக்கிழமையே கட்டிட்டு பத்திரத்தை வாங்கிடலாம். எத்தனை வருஷத்துக்கப்புறம் நிம்மதியா ஒரு தூக்கம் தூங்கப் போறேன் பாரு."

அவள் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி கேக்கில் பாதியில் இருந்தது.

"அக்கா வீட்டை மீட்டாச்சுங்க," என்றாள். "செல்லையா அண்ணன் கைமாத்துக் குடுத்தாரு. நாலரை மணிக்குக் கட்டினோம்."

"அப்படியா? நல்லதாப் போச்சு." அவன் முகம் ஒரு கணம் சுருங்கி, மறுபடி விரிந்தது. நல்லவன்தான், பாவம். "சரி, போகட்டும். நமக்குத் தடின்ஜுட்டுல ரெண்டாவது தவணை இருக்கே."

"இல்லை. நாம கடைசி."

"கடைசின்னா?"

"கடைசின்னா கடைசிதான். அந்தப் பேச்சுக்குத்தான் பணம் குடுத்தாரு. நான் சரின்னுட்டேன்."

வடிவேல் கத்தியை வைத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நீ என்ன கொள்ளையா அடிச்சே? ஒரு வார்த்தை தவறிப் போச்சு. அதுக்கு ஒருத்தி வீட்டைத் தூக்கிக் குடுப்பாளா? நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும், அந்த அக்காவுக்கே தெரியும். செல்லையா நம்பினா என்ன, நம்பாட்டி என்ன?"

"செல்லையாவுக்காகக் குடுக்கலை." அவள் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பன் கதவைச் சாத்தினாங்கல்ல, அப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சுங்க. ஒரு நிமிஷம்கூட இல்லை, ஒரு நொடிதான். நம்ம வீடு தப்பிச்சதுன்னு. அங்க அந்த அக்கா பச்சைப்பிள்ளையோட உக்காந்திருக்கு, எனக்கு இங்க சந்தோஷம் வருது. அதை வச்சுக்கிட்டு இந்த வீட்டுல நான் எப்படிப் படுப்பேன்?"

வடிவேல் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் கண் மேஜைமேல் இருந்த பொட்டலத்துக்குப் போனது. முக்கிலிருந்து வீடுவரை விசிலடித்துக்கொண்டு வந்தானே, அதை நினைத்திருப்பான். காதுவரை சிவந்துவிட்டது. வெட்டின துண்டை எடுத்து, வெட்டின இடத்திலேயே ஒட்ட வைத்துப் பார்த்தான். அது ஒட்டவில்லை. இலையை மடித்துப் பழையபடி நாரால் கட்டினான்.

"இதை நம்மால தின்ன முடியாது தைலா," என்றான். "எழுந்திரு. ரெண்டு பேரும் போய் அந்த அக்கா கையில குடுத்துட்டு வருவோம்."

"என்னன்னு சொல்லிக் குடுக்கறது?"

அவன் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். அங்கிருந்து, அவளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"வீடு மீண்டதுக்குன்னு சொல்லு. வேற என்னத்தைச் சொல்ல?"